உள்ளே பாடுவது யார்?

கேள்வி: மேற்கத்திய இசை எனக்குத் துளியும் தெரியாது. பியானோ மட்டும் ஒலிக்கும் ஆல்பம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். (வாசகி, தென்காசி)

கனடாக்காரர் க்ளென் கூல்ட் வாசித்த 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்'. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹ் எழுதி 1741-ல் அச்சானது. முதலில் 'ஏரியா' என்று நிதானமான ஒரு மெட்டு. அப்புறம் 30 மாறுதல்கள். கடைசியில் அதே ஏரியா திரும்பி வரும். மாறுதல் என்றதும் மேலே கேட்கிற மெட்டைத் தேடாதீர்கள், கிடைக்காது. அடியில் இடது கை நடக்கிற நடைதான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம்.

பியானோவுக்கு முந்தைய காலத்து வாத்தியமான, இரண்டு வரிசைக் கட்டைகள் உள்ள ஹார்ப்ஸிகார்டுக்கு எழுதியது இது. பியானோவில் ஒரே வரிசைதான். ஐந்தாவது மாறுதலில் ஒரு கை மற்றதைத் தாண்டித் தாண்டிக் குதிக்க வேண்டும். கூல்ட் அதை ஒரு நிமிஷத்துக்குள் முடித்துவிடுவார்.

ஒரு எச்சரிக்கை. பியானோவோடு 'ம்ம்ம்' என்று ஒரு முனகலும் கேட்கும். கேசட் காலத்தில் முதன்முதலாகக் கேட்டபோது, டேப் ரெக்கார்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஹெட்டைத் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தத் தம்பி காதை வைத்துக் கேட்டுவிட்டு, "செட்டு நல்லாத்தான் இருக்கு சார், உள்ள யாரோ பாடுறாங்க" என்றார். பாடியது கூல்ட்தான். வாசிக்கும்போது முனகாமல் இருக்க அவரால் முடியாது. அப்பா செய்து கொடுத்த, தரையிலிருந்து 14 அங்குலமே உயரமுள்ள மடக்கு நாற்காலியில்தான் எங்கு போனாலும் உட்காருவார். மூக்கு கட்டையில் இடித்துவிடுமோ என்று தோன்றும்.

கேள்வி: கூல்டின் 1955, 1981 பதிவுகளில் எதை வாங்கலாம்? (வாசகர், ஈரோடு)

இரண்டும் நியூயார்க்கில் ஒரே இடத்தில், பழைய சர்ச் ஒன்றை மாற்றிய ஸ்டூடியோவில் பதிவானவை. முதலாவதில் அவருக்கு வயது 22. 38 நிமிஷத்தில் பறந்துவிடுகிறார். இரண்டாவது 51 நிமிஷம். முன்பு இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்த ஏரியா இதில் மூன்று நிமிஷத்தைத் தாண்டுகிறது. ஆனால் சோகம் ததும்பும் 25-வது மாறுதலை மட்டும் கிழவயதில் சற்று வேகமாகவே வாசித்திருக்கிறார். (கிழவயது என்றது தப்பு, அப்போது 48தான்.) இளமையில் அங்கே நின்று நின்று உருகியது அவருக்கே பிடிக்காமல் போயிருக்கிறது. எனக்கென்னவோ அந்த உருகல் பிடிக்கும். இருந்தாலும் புதிதாகக் கேட்பவருக்கு 1981தான். 1982 அக்டோபரில், அது வெளிவந்த சில வாரங்களில், பக்கவாதத்தில் போய்விட்டார்.

கேள்வி: தூக்கம் வராத பிரபு ஒருவருக்காக பாஹ் இதை எழுதினாராமே? (வாசகி, காரைக்குடி)

அந்தக் கதையை, பாஹின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஃபோர்கெல் என்பவர் எழுதியது 1802-ல், அறுபது வருஷம் கழித்து. அச்சுப் பிரதியில் பிரபு பெயரே இல்லை. நானும் படுக்கையில் போட்டுப் பார்த்தேன். 25-வதில் கண் சொருகும். 26-வது தடதடவென்று வந்து எழுப்பிவிடும்.