பதினைந்து வருடமாகப் படுக்காதவர் – கடிதம்

வணக்கம்.

எங்கள் வாசிப்புக் குழுவில் மூன்று மாதமாக அமெரிக்க நாடகங்களைப் படித்துவருகிறோம். முதலில் ஆர்தர் மில்லரின் ‘ஆல் மை சன்ஸ்’, அப்புறம் யூஜின் ஓநீலின் ‘லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்’, கடைசியாக டென்னசி வில்லியம்ஸின் ‘கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்’. மூன்றிலும் ஒரு வீடு, ஒரு பொய், ஓயாத சண்டை.

மில்லரின் நாடகத்தில் ஜோ கெல்லர் செய்தது மோசடி. அவருடைய முடிவு எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் மனைவி? காணாமல் போன மகன் வருவான் என்று காத்திருக்கும் அப்பாவித் தாய். அவளை மில்லர் ஏன் இப்படி வதைக்கிறார்? ஓநீலிடம் எனக்குப் பொறுமையே போய்விட்டது. அம்மா மார்ஃபின் என்ற போதைமருந்து எடுத்துக்கொள்வது அந்த வீட்டு ஆண்கள் மூவருக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். பிறகு அங்கே யார் யாரை ஏமாற்றுகிறார்கள்? குழுவில் ஒரு நண்பர், “இதெல்லாம் ஆளாளுக்குத் தனியாக வாழும் அமெரிக்கர்களின் சிக்கல், பாசம் உள்ள வீட்டில் இப்படி நடக்காது” என்றார். எனக்கு ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, மறுக்கவும் தெரியவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நண்பர் சொன்னதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தத் தாய். நானும் முதல் வாசிப்பில் உங்களைப் போலத்தான் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். இரண்டாம் முறை படித்தபோது ஒரே ஒரு வரியில் தடுக்கி நின்றேன். அதற்குப் பிறகு என்னால் அவளை அப்பாவி என்று நினைக்க முடியவில்லை.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். ஜோ கெல்லர் விமான இன்ஜின் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையின் முதலாளி. போர்க்காலத்தில் விரிசல் விட்ட 120 சிலிண்டர் ஹெட்கள் அவருடைய தொழிற்சாலையிலிருந்து ராணுவத்துக்குப் போயின. ஆஸ்திரேலியாவில் 21 பி-40 விமானங்கள் விழுந்து நொறுங்கின. கூட்டாளி ஸ்டீவ் ஜெயிலில் இருக்கிறார். கெல்லரோ, “அன்று எனக்கு ஃப்ளூ காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது” என்று சொல்லி மேல்முறையீட்டில் வெளியே வந்துவிட்டார். அவருடைய சின்ன மகன் லாரி போர் விமானி, மூன்று வருடத்துக்கு மேலாகக் காணவில்லை. லாரிக்கு நிச்சயித்திருந்த பெண் ஆன், ஸ்டீவின் மகள். இப்போது பெரியவன் கிறிஸ் அவளைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறான். தாய் விடமாட்டேன் என்கிறாள். லாரி திரும்பி வருவான் என்கிறாள்.

இரண்டாம் அங்கத்தில் ஆனின் அண்ணன் ஜார்ஜ் வருகிறான். ஜெயிலில் அப்பாவைப் பார்த்துவிட்டு நேராக அங்கே வருகிறான். ஸ்டீவ் அவனிடம் நடந்ததைச் சொல்லிவிட்டார்: ‘விரிசலை மறைத்து அனுப்பிவிடு, பொறுப்பு என்னுடையது’ என்று ஃபோனில் சொன்னவர் கெல்லர்தான். ஜார்ஜ் கொதித்துக்கொண்டிருக்கிறான். தங்கையை அங்கிருந்து இழுத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறான்.

அப்போது கெல்லரின் மனைவி வெளியே வருகிறாள். அவன் கன்னத்தைப் பிடிக்கிறாள். எப்படி இளைத்துப் போய்விட்டாய் என்கிறாள். அவனுக்குப் பிடிக்கும் என்று திராட்சை ஜூஸ் போட்டு வைத்திருக்கிறாள். பழைய கதைகள், பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிய பேச்சு, சாப்பிட்டுவிட்டுப் போ என்ற அதட்டல். ஜார்ஜ் கொஞ்சம் கொஞ்சமாக இளகுகிறான். இந்த வீட்டைத் தவிர வேறெங்கும் எனக்குச் சொந்த வீட்டில் இருப்பதுபோல இருந்ததில்லை என்றே சொல்லிவிடுகிறான். கெல்லரைப் பார்த்து, நீங்கள் மாறவே இல்லை என்கிறான். கெல்லர் சிரித்துக்கொண்டு, நோயில் படுக்க எனக்கு எங்கே நேரம் என்கிறார். மனைவி உடனே சேர்ந்துகொள்கிறாள்: பதினைந்து வருடமாக இவர் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை.

கெல்லர் அவசரமாகச் சொல்கிறார்: போர்ச் சமயத்தில் வந்த ஃப்ளூவைத் தவிர.

அவளுக்கு ஒரு கணம் அது புரிவதில்லை. “ஹ்ம்?” என்கிறாள். அந்த ஒற்றைச் சத்தத்தில் வீடு இடிந்துவிடுகிறது. ஜார்ஜ் அசையாமல் நிற்கிறான்.

எந்த நேரத்தில் அந்த வாய் தவறுகிறது என்று பாருங்கள். குறுக்கு விசாரணை இல்லை, மிரட்டல் இல்லை. புருஷனின் உடம்பைப் பற்றிப் பெண்கள் பெருமையாகச் சொல்லும் ஒரு சாதாரண வார்த்தை. மூன்றரை வருடம் அவள் கட்டிக்காத்த பொய், அவளுடைய பிரியத்தின் வழியாகவே வெளியே வந்துவிடுகிறது. ஜார்ஜைக் குளிரவைத்ததும் அதே பிரியம்தான். அதைப் பாசாங்கு என்று நான் சொல்லமாட்டேன். அவள் உண்மையாகவே அவனை நேசிக்கிறாள். அந்த நேசத்தைக் கொண்டுதான் அவன் வாயை அடைக்கவும் பார்க்கிறாள். இரண்டும் ஒன்றாக இருக்கின்றன, பிரித்தெடுக்க முடியாது.

லாரி உயிரோடு இருக்கிறான் என்ற நம்பிக்கைக்கு வருவோம். நீங்கள் அதைத் தாயின் ஏக்கம் என்கிறீர்கள். ஏக்கமும்தான். ஆனால் அதே அங்கத்தின் முடிவில் கிறிஸிடம் அவளே காரணத்தைச் சொல்லிவிடுகிறாள்: உன் தம்பி உயிரோடு இருக்கிறான், ஏனென்றால் அவன் செத்திருந்தால் அவனைக் கொன்றது உன் அப்பா. லாரி பி-40 விமானம் ஓட்டியதே இல்லை என்று கெல்லர் கணக்குச் சொல்லித் தப்பிக்கிறார். அவளிடம் அந்தக் கணக்கு செல்லாது. மற்றவர்களின் பிள்ளைகளைக் கொன்ற பாகங்கள் தன் பிள்ளையையும் ஏதோ ஒரு வழியில் கொன்றிருக்கும் என்று அந்த வீட்டில் முதலில் உணர்ந்தவள் அவள்தான். உணர்ந்ததால்தான் அவன் சாகவில்லை என்று பிடித்த பிடியில் நிற்கிறாள். பிள்ளை இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டால், புருஷனோடு ஒரு நாள்கூட அந்த வீட்டில் இருக்க முடியாது. கெல்லரின் பொய் கோர்ட்டுக்காகச் சொல்லப்பட்டது. இவளுடைய பொய் அன்றாடம் சமைத்துப் பரிமாறி அந்த வீட்டை ஓட்டுவதற்காக.

என்னிடம் உள்ள பதிப்பில் மற்ற எல்லோருடைய வசனத்துக்கும் முன்னால் அவரவர் பெயர் இருக்கிறது. இவளுக்கு மட்டும் பெயர் இல்லை, ‘அம்மா’ என்றுதான் போட்டிருக்கிறது. மில்லர் அவளை வதைக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த நாடகத்தின் கனமே அவள் தலையில்தான் இருக்கிறது.

கிறிஸையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். அவன்தான் நியாயம் பேசுகிறவன். ஆனால் கடைசி அங்கத்தில், அப்பா மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது, இருந்தும் நான் எதுவும் செய்யவில்லை என்று அவன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். அக்கம்பக்கத்தாருக்கும் கெல்லர் கெட்டிக்காரத்தனமாகத் தப்பித்தவர் என்று தெரியும். தெரிந்தும் அவரோடு சீட்டாட வருகிறார்கள். மில்லருக்கு இந்தக் கதை மாமியாரின் பேச்சில் கிடைத்தது. ஒஹாயோ பக்கம் ராணுவத்துக்குப் பழுதான பொருளை விற்ற ஒரு தகப்பனைச் சொந்த மகளே அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்தாள் என்பதுதான் அவர் கேட்ட செய்தி. மில்லர் மகளை மகனாக மாற்றினார். காட்டிக்கொடுக்கும் துணிச்சலையும் அவனிடமிருந்து எடுத்துவிட்டார். எனக்கு அந்த இரண்டாவது மாற்றம்தான் பெரியதாகத் தெரிகிறது.

1947 ஜனவரியில் எலியா கசான் இயக்கத்தில் இது நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் அரங்கேறி 328 காட்சிகள் ஓடியது. அதற்கு முன் 1944-இல் மில்லரின் முதல் பிராட்வே நாடகம் நான்கே காட்சிகளில் நின்றுபோயிருந்தது. பழைய குற்றம், ஜெயிலுக்குப் போன கூட்டாளி, தப்பித்த பங்குதாரர், எல்லாம் ஒரே நாளில் வெடிப்பது ஆகியவற்றை மில்லர் நார்வே நாடகாசிரியர் இப்சனிடம் கற்றார். இப்சனின் ‘தி வைல்ட் டக்’ நாடகத்தை அடுத்து எடுத்துக்கொண்டால் உங்கள் குழுவுக்கே அது தெரியும்.

சரி, ஓநீலுக்கு வருவோம். யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரு விஸ்கி பாட்டிலை வைத்தே பதில் சொல்லலாம். அப்பா ஜேம்ஸ் டைரோன் கஞ்சர், பாட்டிலில் எவ்வளவு இருக்கிறது என்று பார்வையாலேயே அளப்பவர். அதனால் மூத்தவன் ஜேமி, குடித்த அளவுக்குத் தண்ணீரை ஊற்றிப் பாட்டிலைக் குலுக்கி வைக்கிறான். தம்பி எட்மண்ட் கூடவே இருக்கிறான். பிற்பாடு அம்மா மேரியும், வேலைக்காரப் பெண்ணுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, அதே வழியை அவளுக்குச் சொல்லித் தருகிறாள். சாயங்காலம் டைரோன் ஒரு வாய் குடிக்கிறார். பாதிக்குப் பாதி தண்ணீர். அப்போது அவர் சொல்வது: இது ஜேமியின் வேலையாக இருக்காது, அவன் தன் தந்திரத்தில் இந்த அளவுக்குப் போகமாட்டான்.

அப்படியென்றால் ஜேமியின் தந்திரம் அவருக்கு இத்தனை நாளும் தெரியும். தெரிந்தும் அளந்து பார்ப்பதுபோல நடித்திருக்கிறார். மகனும் ஒளித்துச் செய்வதுபோல நடித்திருக்கிறான். மார்ஃபின் விஷயத்திலும் இதேதான் நடக்கிறது, வலி மட்டும் பல மடங்கு. எட்மண்டுக்குக் காசநோய். மேரியின் அப்பா அதே நோயில் செத்தவர், அதனால் அவளுக்கு விஷயம் தெரிந்தால் மறுபடியும் மருந்துக்குப் போய்விடுவாள் என்று ஆண்கள் பயந்து, வெறும் கோடைச் சளி என்கிறார்கள். அவளும் வெறும் சளி என்றே சாதிக்கிறாள். அவள் மாடியில் அந்தத் தனி அறைக்குள் போகும் காலடிச் சத்தத்தைக் கீழே மூவரும் கேட்கிறார்கள். யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தால் அவள், என்னை ஏன் இப்படி வேவு பார்க்கிறீர்கள் என்று அழுவாள். உங்களுக்குப் பொறுமை போனது எனக்குப் புரிகிறது. அந்த நான்கு பேருக்கும் பொறுமை எப்போதோ போய்விட்டது. ஆனாலும் யாரும் எழுந்து வெளியே போவதில்லை.

அது ஓநீலின் சொந்த வீடு. கனெக்டிகட் மாநிலத்தில் நியூ லண்டன், 1912 ஆகஸ்டில் ஒரு நாள். அவர் இதை எழுதி முடித்தது 1941-இல். அப்பா 1920-இலும் அம்மா 1922-இலும் அண்ணன் 1923-இலும் இறந்துவிட்டார்கள். புண்படுவதற்கு யாரும் மிச்சமில்லை. அப்படியும் பிரதியை முத்திரை வைத்துப் பதிப்பாளரிடம் கொடுத்து, நான் இறந்து 25 வருடம் கழியும்வரை வெளியிடக் கூடாது என்றார். 1953-இல் இறந்தார். மனைவி கார்லோட்டா அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 1956-இலேயே புத்தகமும் வந்தது, ஸ்டாக்ஹோமில் நாடகமும் அரங்கேறியது.

உண்மையை இவ்வளவு துணிந்து எழுதியவர் ஒரு இடத்தில் மட்டும் மாற்றுகிறார். அவருக்கு முன்னால் பிறந்து, தட்டம்மையில் குழந்தையாகவே இறந்துபோன அண்ணன் ஒருவன் உண்டு. அவன் பெயர் எட்மண்ட். நாடகத்தில் உயிரோடிருக்கும் தம்பிக்கு எட்மண்ட் என்று பெயர் வைத்தார். செத்துப்போன குழந்தைக்கு யூஜின் என்று தன் பெயரைக் கொடுத்தார். இதற்கு விளக்கம் சொல்ல நான் முயன்றதே இல்லை. மேரி அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசும் பக்கங்களை ஒவ்வொரு முறையும் மெதுவாகக் கடக்கிறேன்.

இனி உங்கள் நண்பர் சொன்னது. இந்த வீடுகளில் பாசம் இல்லை என்று அவர் எப்படி நினைத்தார் என்று தெரியவில்லை. கெல்லர் தொழிற்சாலையை மகனுக்காகவே காப்பாற்றினேன் என்கிறார், அதை மனதாரச் சொல்கிறார். வில்லியம்ஸின் நாடகத்தில் குடும்பத் தலைவர் பிக் டாடிக்கு 65-ஆவது பிறந்தநாள். வயிற்றில் புற்றுநோய். குடல் இசிவுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று அவரிடமும் அவர் மனைவியிடமும் சொல்லிவைத்திருக்கிறார்கள். சொத்தின் மேல் கண் வைத்தவர்களும் அதில் உண்டு, உண்மையாகக் கலங்குகிறவர்களும் உண்டு.

என் பெரியப்பாவுக்குப் புற்றுநோய் வந்தபோது நாங்கள் அவரிடம் அல்சர் என்றோம். ஆறு மாதம் சொன்னோம். ஒருநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் சக்கர நாற்காலியில் இருந்தபடி, “அல்சருக்கு இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியாடா?” என்று என்னைக் கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவரே சட்டென்று, “கேன்டீன்ல காபி நல்லா இருக்குமாமே, போய் வாங்கிட்டு வா” என்றார். அன்று நான் அவரை ஏமாற்றினேனா, அவர் என்னைக் காப்பாற்றினாரா? அதற்குப் பிறகு இறக்கும்வரை அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பிக் டாடியிடம் உண்மையைப் போட்டு உடைக்கும் அவர் மகன் பிரிக்கை என்னால் கோபமில்லாமல் படிக்க முடிவதில்லை. நான் செய்யாததை அவன் செய்கிறான் என்பதாலும் இருக்கலாம். நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. அடுத்த கூட்டத்தில் ஜார்ஜ் வரும் அந்தக் காட்சியை மட்டும் யாராவது ஐந்து பேர் உரக்க வாசியுங்கள். அம்மாவாக வாசிப்பவரிடம், பதினைந்து வருடம் என்ற வரியைச் சிரித்த முகத்தோடு, பெருமையாகச் சொல்லச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கெல்லர் பேசுவதற்கு முன்னால் ஒரு மூச்சு இடைவெளி விடுங்கள்.

அன்புடன்.