கேள்வி-பதில்: சோற்றை நிறுத்தினால் மாதவிலக்கு சீராகுமா?

கேள்வி: என் வயது 25, எடை 70 கிலோ. ஐம்பது, அறுபது நாட்களுக்கு ஒருமுறைதான் மாதவிலக்கு வருகிறது. பரிசோதனைகளுக்குப் பிறகு பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) என்று மருத்துவர் கூறினார். அலுவலகத் தோழி, மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பை அதிகம் சேர்க்கும் கீட்டோ உணவுமுறையைப் பரிந்துரைக்கிறாள். யூடியூபில் பாலையும் கோதுமையையும் நிறுத்தச் சொல்கிறார்கள். அம்மாவோ தினமும் கேழ்வரகுக் கஞ்சியும், வாரம் இருமுறை கருப்பட்டி போட்ட உளுந்தங்களியும் தருகிறார். எதைப் பின்பற்றுவது?
- வாசகி, திருச்சி

பதில்: இந்தக் குறைபாட்டுக்காக 2023-இல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல், ஒரு குறிப்பிட்ட உணவுமுறை மற்றவற்றைவிட மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்றே சொல்கிறது. எனவே பெயர் வைத்த உணவுமுறை எதையும் நீங்கள் தேட வேண்டியதில்லை.

'நீர்க்கட்டி' என்ற சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஸ்கேனில் தெரிபவை கட்டிகள் அல்ல. பாதி வளர்ச்சியில் நின்றுபோன, கருமுட்டைகளைத் தாங்கிய சிறு பைகள். ஆகவே 'கட்டியைக் கரைக்கும்' கஷாயம், விதை, பொடி என்று எதுவும் கிடையாது. இப்பாதிப்புள்ள பலருக்கு இன்சுலின் சரிவர வேலை செய்யாததால், உடல் அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோன் சுரப்பை அதிகரிக்க, முட்டை வெளிவருவது தடைபடுகிறது, முகத்தில் முடியும் பருவும் தோன்றுகின்றன. இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத சாப்பாடு உதவுவது இதனால்தான்.

அதற்குச் சோற்றைத் துறக்க வேண்டாம். தட்டில் அதன் பங்கைக் குறைத்தால் போதும். மதியம் தட்டில் பாதி பொரியலும் கீரையும், கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ, மீதிக் கால் பங்கு சோறு என்று பரிமாறிக்கொள்ளுங்கள். காலையில் நான்கு இட்லியைச் சட்னியோடு முடிப்பதற்குப் பதிலாக, இரண்டு இட்லியும் பருப்பு கெட்டியாக இருக்கும் சாம்பார் ஒரு கிண்ணமும், கூடவே ஒரு முட்டையோ கைப்பிடி சுண்டலோ எடுத்துக்கொண்டால் பதினொரு மணிக்குப் பிஸ்கட் தேடாது.

அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது: கேழ்வரகும் மாவுச்சத்துதான். அதை நைசாக அரைத்து, நீர்க்கக் காய்ச்சிக் குடித்தால் விரைவில் செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும். அதே மாவில் முருங்கைக்கீரை சேர்த்து அடை சுட்டு, அளவோடு மென்று சாப்பிடுவது மேல். உளுந்தில் நல்ல புரதம் இருக்கிறது, ஆனால் களியில் சேரும் கருப்பட்டியை உடல் சர்க்கரையாகவே கணக்கு வைக்கும். களி வேண்டுமென்றால் எப்போதாவது, இனிப்பைக் குறைத்துச் சாப்பிடலாம்.

பாலும் கோதுமையும் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர மற்றவர்கள் அவற்றை நிறுத்தத் தேவையில்லை. பாலை நிறுத்தியதாகச் சொல்லும் சிலர், நாளுக்கு நான்கு கருப்பு டீயில் இரண்டிரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்டுக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அது மட்டுமே 30 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனமோ நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. கீட்டோவில் முதலில் எடை இறங்கலாம். ஆனால் வீட்டில் எல்லோரும் சோறு சாப்பிடும்போது ஒருவர் மட்டும் எத்தனை மாதம் அதில் நிலைத்திருக்க முடியும்?

உங்கள் எடையில் 5 சதவீதம், அதாவது 3.5 கிலோ குறைந்தாலே பலருக்குச் சுழற்சி சீர்படத் தொடங்குகிறது. அவசரப்படாமல் சில மாதங்களில் குறையுங்கள். வாரத்துக்கு 150 நிமிட விரைவு நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஒல்லியாகத்தான் இருக்கிறேன். எனக்கும் இதே குறைபாடு என்கிறார்கள். நானும் எடை குறைக்க வேண்டுமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம். ஒல்லியானவர்களுக்கும் இது வரும். தட்டின் பங்கீடு உங்களுக்கும் பொருந்தும், பட்டினி பொருந்தாது. எடை எதுவானாலும் இருவரும் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இன்சுலின் சரிவர வேலை செய்ய உதவும் மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம் என்பதால் அதையும் மருத்துவரிடம் கேளுங்கள். 90 நாட்களைத் தாண்டியும் மாதவிலக்கு வராவிட்டால், கருப்பையின் உட்சவ்வு தடித்துப் போகக்கூடும். அப்போது உணவை மாற்றிவிட்டுக் காத்திராமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.