படம் வருது, சத்தம் வரலை: கேம் கன்சோல் கேள்வி-பதில்

லீவு விட்டாலே இந்த மாதிரிக் கேள்விகள் வரிசையாக வர ஆரம்பித்துவிடும், இந்த முறையும் அப்படித்தான். பதிலுக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிவியில் படம் நன்றாக வந்து சத்தம் மட்டும் வரவில்லை என்றால், பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போகவில்லை. சத்தம் வேறு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது, அல்லது டிவிக்குப் புரியாத வடிவத்தில் போகிறது. அது எங்கே, எப்படிப் போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

சார், என் பிஎஸ்5-இல் (பிளேஸ்டேஷன் 5) படம் துல்லியமாக வருகிறது, சத்தம் சுத்தமாக இல்லை. கடையில் காட்டினால் "எச்டிஎம்ஐ போர்ட்ல சவுண்டு பின் போயிடுச்சு, போர்ட்டை மாத்தணும்" என்கிறார்கள். மாற்றிவிடட்டுமா?

வேண்டாம், காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐ-யில் மொத்தம் 19 பின்கள், அதில் கன்சோலின் சத்தத்துக்கென்று தனியாக ஒரு பின் கிடையாது. படம் போகிற அதே கம்பிகளில்தான் சத்தமும் போகிறது. திரையில் ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் முன் ஒரு சின்ன இடைவெளி இருக்கும், அந்த இடைவெளிகளில் சத்தத்தைச் சிறுசிறு பொட்டலங்களாகச் சொருகி அனுப்புகிறார்கள். அதனால் படம் புள்ளி விழாமல், மின்னாமல் சுத்தமாக வருகிறது என்றால் அந்தக் கம்பிகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். "சவுண்டு பின்" என்று யாராவது சொன்னால் எந்த நம்பர் பின் என்று கேட்டுப் பாருங்கள். (டிவியிலிருந்து சவுண்ட்பாருக்குத் திரும்பிப் போகிற ஏஆர்சி சத்தத்துக்கு மட்டும் 14, 19 ஆகிய பின்கள் வேலை செய்கின்றன, ஆனால் அது டிவிக்கும் சவுண்ட்பாருக்கும் நடுவில் உள்ள விவகாரம்.)

நீங்கள் பார்க்க வேண்டியது இது. விளையாடும்போது கன்ட்ரோலரில் பிஎஸ் பட்டனை ஒருமுறை தட்டினால் கீழே ஒரு வரிசை ஐகான்கள் வரும், அதில் சவுண்டுக்குள் போய் அவுட்புட் டிவைஸ் என்னவென்று பாருங்கள். ஹெட்செட் என்று இருந்தால் கதை முடிந்தது, டிவிக்கு மாற்றுங்கள். ஹெட்போன் ஜாக்கைக் கன்ட்ரோலரில் சொருகியதுமே சத்தம் அந்தப் பக்கம் தாவிவிடும். வயர்லெஸ் ஹெட்செட் என்றால் சோபா இடுக்கில் ஆன் ஆகியே கிடக்கும், நமக்குத் தெரியாது.

அதுவும் சரியாக இருந்தால் கன்சோலையும் டிவியையும் முழுதாக அணையுங்கள். ரெஸ்ட் மோடு போதாது. இரண்டையும் சுவர் பிளக்கிலிருந்து கழற்றி, எச்டிஎம்ஐ கேபிளையும் உருவி, ஒரு நிமிஷம் விட்டு மறுபடி மாட்டுங்கள். கேபிளை மாட்டியதும் டிவி தன்னால் எந்தெந்தச் சத்த வடிவங்களை வாங்க முடியும் என்று கன்சோலுக்கு ஒரு பட்டியல் கொடுக்கும், கன்சோல் அதைப் படித்துத்தான் அனுப்பும். கரண்ட் போய் வரும்போதோ, நடுவில் மலிவான ஸ்ப்ளிட்டர் இருந்தாலோ அந்தப் பட்டியல் குழம்பிவிடும். ஸ்பீக்கரே இல்லாத மானிட்டர்தான் எதிரில் இருக்கிறது என்று கன்சோல் முடிவு கட்டிவிட்டால் சத்தமே அனுப்பாது.

கேமில் பாட்டு கேட்கிறது, துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, ஆனால் யார் பேசுவதும் கேட்கவில்லை. வாய் மட்டும் அசைகிறது. டிவி ஸ்பீக்கர் பழுதா?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அறிகுறியிலேயே விடை இருக்கிறது. 5.1 சத்தத்தில் ஆறு தனித்தனிப் பாதைகள்: முன்னால் இடம், வலம், நடு, பின்னால் இடம், வலம், அப்புறம் ஊஃபர். பாத்திரங்கள் பேசுவது பெரும்பாலும் நடுப் பாதையில்தான் வரும். உங்கள் கன்சோல் எதிரில் பெரிய ஹோம் தியேட்டர் இருப்பதாக நினைத்து 5.1-ஆக அனுப்புகிறது. உங்கள் பக்கம் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர். ஒழுங்கான டிவி என்றால் ஆறையும் இரண்டாகக் கலந்து கொடுக்கும். சில டிவிகளும், நடுவில் மாட்டும் சில கன்வெர்ட்டர்களும் முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கீழே போட்டுவிடும், அதோடு வசனமும் போய்விடும்.

பிஎஸ்5 என்றால் செட்டிங்ஸில் சவுண்ட், ஆடியோ அவுட்புட் போய், எச்டிஎம்ஐ டிவைஸ் டைப் என்ற இடத்தில் ஏவி ஆம்ப்ளிஃபையர் என்று இருப்பதை டிவி என்று மாற்றுங்கள். எக்ஸ்பாக்ஸில் ஜெனரல், வால்யூம் அண்ட் ஆடியோ அவுட்புட் போய், எச்டிஎம்ஐ ஆடியோவை ஸ்டீரியோ அன்கம்ப்ரெஸ்டு என்று வையுங்கள். சில கேம்களுக்குள்ளேயும் ஹோம் தியேட்டர், டிவி, ஹெட்போன் என்று ஒரு தேர்வு இருக்கும், அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வீட்டில் நிஜமாகவே ஆம்ப்ளிஃபையர் இருந்து வசனம் மட்டும் வரவில்லை என்றால் நடு ஸ்பீக்கரின் வயர் கழன்றிருக்கும். எலி கடித்ததையும் பார்த்திருக்கிறேன்.

எக்ஸ்பாக்ஸ். கேம் சத்தம் டிவியில் வருகிறது, பார்ட்டியில் (ஆன்லைன் குழு அரட்டையில்) நண்பர்கள் பேசுவது மட்டும் வரவில்லை.

அதே வால்யூம் பக்கத்தில் பார்ட்டி சாட் அவுட்புட் என்று ஒன்று இருக்கும். ஹெட்செட் என்று இருப்பதை ஸ்பீக்கர்ஸ் என்று மாற்றுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மாற்றாதீர்கள், வீட்டில் அடி விழும்.

நின்டென்டோ ஸ்விட்சைக் கையில் வைத்து விளையாடினால் சத்தம் வருகிறது, டாக்கில் (டிவியோடு இணைக்கும் ஸ்டாண்டில்) வைத்தால் டிவியில் படம் மட்டும்தான்.

முதலில் ஸ்விட்சின் தலையில் உள்ள ஹெட்போன் ஜாக்கில் ஏதாவது சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். டாக்கில் வைத்தாலும் அந்த ஜாக் வேலை செய்யும், சத்தத்தையும் இழுத்துக்கொள்ளும். அடுத்தது ப்ளூடூத். 2021 செப்டம்பரில் வந்த 13.0.0 அப்டேட்டிலிருந்து ஸ்விட்ச் ப்ளூடூத் இயர்போனை ஏற்றுக்கொள்கிறது, அப்படி ஒருமுறை இணைத்த இயர்போன் பக்கத்தில் எங்காவது ஆனில் இருக்கலாம். பிறகு சிஸ்டம் செட்டிங்ஸில் டிவி சவுண்டை ஸ்டீரியோவில் வையுங்கள். இதற்கும் மசியவில்லை என்றால் டாக்கின் அடாப்டரைச் சுவரிலிருந்தும் டாக்கிலிருந்தும் இரண்டு முனையும் கழற்றி, அரை நிமிஷமாவது விட்டு மாட்டுங்கள். சுவர் சுவிட்சை மட்டும் தட்டுவது போதாது.

அண்ணா, பழைய பிஎஸ்2-வைத் தூசி தட்டி எடுத்தேன். புது டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைகளே இல்லை. ஏவி என்று எழுதிய ஒரே ஒரு சின்ன ஓட்டைதான். கடையில் ஒரு கேபிள் வாங்கி மாட்டினேன், "ம்ம்ம்" என்று இரைச்சல் வருகிறது, படமும் சரியில்லை.

கேபிள்தான் தப்பு. இயர்போன் முனை மாதிரி இருக்கும் அந்த 3.5 மிமீ ஜாக்கை உற்றுப் பார்த்தால் மூன்று கறுப்பு வளையங்கள் தெரியும், அவை முனையை நான்கு துண்டாகப் பிரிக்கின்றன: ஒன்று படம், இரண்டு சத்தம், ஒன்று கிரவுண்ட். எது எந்தத் துண்டு என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம், பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். கையில் இருக்கும் கேபிளை வீசும் முன் ஒன்று செய்து பாருங்கள். கன்சோலின் மஞ்சள் முனையை எதிர்க் கேபிளின் சிவப்பில் மாட்டுங்கள், வரவில்லையா, வெள்ளையில் மாட்டுங்கள். ஏதாவது ஒன்றில் படம் பளிச்சென்று வந்தால், மீதி இரண்டில் சத்தத்தைக் கொடுத்துவிட்டு நிறத்தை மறந்துவிடலாம். எதில் மாட்டினாலும் இரைச்சல்தான் என்றால் கிரவுண்டே இடம் மாறியிருக்கிறது, அந்தக் கேபிள் உங்கள் டிவிக்கு ஆகாது. டிவியோடு பெட்டியில் வந்த கேபிளைத் தேடுங்கள், அது இல்லாவிட்டால் உங்கள் மாடல் நம்பரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு ரகம் டிவியில் மஞ்சளும் பச்சையும் ஒரே ஓட்டையைப் பகிர்ந்துகொள்ளும். அதில் மஞ்சளைப் பச்சையில் மாட்ட வேண்டும். பலர் கம்போனென்டின் (படத்தை மூன்றாகப் பிரித்து வாங்கும் பச்சை, நீலம், சிவப்பு ஓட்டைகள்) சிவப்பைச் சத்தத்தின் சிவப்பு என்று நினைத்து மாட்டிவிட்டு ஒரு பக்கச் சத்தம் வரவில்லை என்பார்கள். ஓட்டைக்குக் கீழே ஆடியோ என்று எழுதியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிஎஸ்5-இல் கேம் எல்லாம் சரி. ப்ளூ-ரே டிஸ்க் போட்டால் மட்டும் படம் ஊமையாக ஓடுகிறது.

டிஸ்கில் உள்ள டிடிஎஸ் என்ற சுருக்கிய வடிவச் சத்தத்தைக் கன்சோல் அப்படியே டிவிக்குத் தள்ளிவிடுகிறது, உங்கள் டிவிக்கு டிடிஎஸ் தெரியாது. சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டிடிஎஸ்ஸை எடுத்துவிட்டது; எல்ஜி 2020-இல் எடுத்துவிட்டு 2023-இல் சில மாடல்களில் திரும்பக் கொடுத்தது. படம் ஓடும்போதே ஆப்ஷன்ஸ் பட்டனை அமுக்கி, செட்டிங்ஸில் ஆடியோ ஃபார்மட்டை பிட்ஸ்ட்ரீமிலிருந்து (டிஸ்கில் உள்ளதை அப்படியே அனுப்புவது) லீனியர் பிசிஎம்-க்கு (சுருக்காத சத்தம்) மாற்றுங்கள். சத்தத்தைப் பிரிக்கும் வேலையைக் கன்சோலே செய்துவிடும். எந்தக் கன்சோலாக இருந்தாலும், எந்த டிவியாக இருந்தாலும், குழப்பம் என்றால் முதலில் லீனியர் பிசிஎம் வைத்துச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். அழகுபடுத்துவதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஹாஸ்டலில் பழைய விஜிஏ மானிட்டர். எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர் போட்டு விளையாடுகிறேன். சத்தத்துக்கு என்ன வழி?

விஜிஏ-யில் படம் மட்டும்தான் போகும். கன்வெர்ட்டரின் பக்கவாட்டில் 3.5 மிமீ ஓட்டை இருந்தால் அதில் ஸ்பீக்கர் மாட்டுங்கள். இல்லாவிட்டால், பிஎஸ் அல்லது எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஜாக் இருக்கிறதே, சாதா இயர்போனே போதும். ஹாஸ்டலில் ரூம்மேட்டுக்கும் அதுதான் நல்லது. ஸ்பீக்கர்தான் வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் என்று கேளுங்கள், சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும்.

எங்கள் ஊரில் அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிஃபையர், ஆப்டிகல் (ஒளி வழியாகச் சத்தம் அனுப்பும் கேபிள்) வசதி உண்டு. டிவி ஸ்பீக்கரில் சத்தம் வருகிறது, ஆம்ப்பில் வரவில்லை. சில நேரம் வந்தாலும் முன் ஸ்பீக்கர் இரண்டில்தான். பிஎஸ்5, ஸ்விட்ச் இரண்டும் வைத்திருக்கிறேன்.

பிஎஸ்5-இல் ஆப்டிகல் ஓட்டை கிடையாது, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் கிடையாது. அதனால் கன்சோலிலிருந்து டிவி, டிவியிலிருந்து ஆப்டிகலில் ஆம்ப், இதுதான் பாதை. டிவியில் சவுண்ட் அவுட் என்பதை ஆப்டிகலுக்கு மாற்றியிருக்கிறீர்களா? மாற்றாவிட்டால் ஆம்ப் ஊமைதான். இனி அந்த இரண்டு ஸ்பீக்கர் விஷயம். ஆப்டிகல் வழியாகச் சுருக்காத பிசிஎம் என்றால் ஸ்டீரியோ மட்டும்தான் போகும், 5.1 வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ சுருக்கி அனுப்ப வேண்டும். சாதாரண ஏஆர்சி-க்கும் இதே கட்டுப்பாடுதான், அதன் மேம்பட்ட வடிவமான ஈஏஆர்சி வந்த பிறகுதான் அது விலகியது. எனவே பிஎஸ்5-இல் ஆடியோ ஃபார்மட்டை டால்பி ஆடியோ ஆக்குங்கள், டிவியில் டிஜிட்டல் அவுட்புட்டைப் பாஸ்-த்ரூ (வந்ததை அப்படியே தள்ளிவிடுவது) அல்லது ஆட்டோ என்று வையுங்கள். உடனே ஆம்ப் ஊமையானால் அதன் டீகோடர் போர்டுக்கு டால்பி தெரியவில்லை, பிசிஎம்-க்கே திரும்பிவிடுங்கள்.

ஸ்விட்ச் விஷயம் வேறு. அது பிசிஎம் தவிர எதையும் அனுப்பாது. டிவியே அதை டால்பியாக மாற்றித் தந்தால் ஒழிய, உங்கள் ஆம்ப்பில் ஸ்டீரியோதான். செட்டிங்ஸைத் துருவிக்கொண்டிருக்காமல் விளையாடுங்கள்.

ஒரே ஒரு எச்டிஎம்ஐ போர்ட்டில் மட்டும் சத்தம் வரவில்லை, மற்றதில் வருகிறது. கொஞ்சம் பழைய டிவி.

அந்தப் போர்ட்டின் பக்கத்தில் டிவிஐ (கம்ப்யூட்டருக்கான பழைய பட இணைப்பு) என்று எழுதியிருக்கும், அல்லது மெனுவில் அந்த இன்புட்டுக்கு யாரோ டிவிஐ பிசி என்று பெயர் வைத்திருப்பார்கள். டிவிஐ-யில் சத்தம் வராது என்பதால், அந்தப் பெயரைப் பார்த்ததும் டிவி சத்தத்தைத் தனி ஆடியோ ஜாக்கில் எதிர்பார்க்கும். பெயரை கேம் என்று மாற்றிப் பாருங்கள், மாறாவிட்டால் பக்கத்துப் போர்ட்டில் மாட்டிக்கொள்ளுங்கள்.