கோல்ஃபில் கேடி பின்னால் நின்றால் ஏன் தண்டனை?

கேடி (ஆட்டக்காரரின் பையைச் சுமந்து ஆலோசனை சொல்லும் உதவியாளர்) பின்னால் நின்று குறி சரிபார்த்தால் என்ன குற்றம் என்று கேட்டிருக்கிறீர்கள். அஸ்தம்பட்டியில் நண்பர் வீட்டு டிவி முன்னால் எங்களுக்குள்ளும் இதே வாக்குவாதம்தான். குறி வைப்பது ஆட்டக்காரரின் சொந்தத் திறமை. அதை இரவல் வாங்கக் கூடாது. அதனால்தான் 2019 முதல், ஆட்டக்காரர் பந்தடிக்கக் காலூன்றத் தொடங்கியதும், பந்துக்குப் பின்னே இலக்குக் கோட்டின் (பந்தை அடிக்க நினைக்கும் திசையின்) நீட்சியில் கேடி நிற்கக் கூடாது. மீறினால் 2 ஸ்ட்ரோக் தண்டனை, அதாவது அவர் கணக்கில் 2 அடிகள் கூடும்.

அந்த ஜனவரியிலேயே துபாய் போட்டியில் சீன வீரர் லி ஹாவ்டாங் கடைசிக் குழியில் சிக்கினார். கேடி விலகிக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் கூட்டாக 3ஆம் இடத்தில் இருந்தவர் 12ஆம் இடத்துக்குச் சரிந்தார். அநியாயம் என்றே இன்றும் சொல்வேன். பிப்ரவரியில் வந்த விளக்கத்தின்படி, அடிக்குமுன் ஆட்டக்காரர் பின்வாங்கி, கேடி விலகியபின் மறுபடி நின்றால் தண்டனை இல்லை.

ஆட்டம் மந்தமாக நகரும் பிரச்சினையோ இந்த விதியால் மட்டும் தீராது. காற்று, தூரம், கிளப் (மட்டை) தேர்வு பற்றிக் கேடியுடன் பேச இன்றும் தடையில்லை; நேரம் கரைவது அங்கேதான். ஒரு ஸ்ட்ரோக்குக்கு 40 விநாடி என்பது விதிப்புத்தகத்தின் பரிந்துரை மட்டுமே.