பின் சைலன்சர் ஓட்டையாகிவிட்டது: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

கேள்வி: என் கார் 1.5 லிட்டர், 4 சிலிண்டர் பெட்ரோல், டர்போ இல்லை. வாங்கி 9 வருடம் ஆகிறது. தினமும் நெடுஞ்சாலையில் போக 30, வர 30 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். பின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. வெளிக்கடையில், “முழுக்க இரண்டரை அங்குல ஃப்ரீ ஃப்ளோ பைப் போட்டு, ரெசனேட்டரையும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் எடுத்துவிட்டால் பிக்கப் ஏறும்” என்கிறார்கள். சத்தம் கொஞ்சம் கனமாக இருந்தால் எனக்குப் பிடிக்கும். ஆனால் உடன் வருபவர்களுக்குத் தலைவலி வரக் கூடாது. என்ன வாங்கலாம்?

பதில்: கன்வர்ட்டரை (புகையின் நச்சு வாயுக்களை மாற்றும் பாகம்) தொடாதீர்கள், ரெசனேட்டரை (முழக்க ஒலியை அடக்கும் கூடுதல் பெட்டி) எடுக்காதீர்கள், குழாயைப் பெரிதாக்காதீர்கள். பின் சைலன்சரையும் அதோடு சேர்ந்து அரித்துப்போன குழாய்த் துண்டையும் மட்டும் மாற்றுங்கள். மிச்சமாகும் பணத்தை நல்ல உலோகத்திலும் சரியான கிளாம்பிலும் போடுங்கள். காரணம் தெரிந்திருந்தால் கடையில் நின்று பேச வசதியாக இருக்கும் என்பதால் ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

இந்த அளவு எஞ்சினுக்குக் கம்பெனி போடும் குழாய் பெரும்பாலும் 42 முதல் 48 மி.மீ. வெளிவிட்டத்தில் இருக்கும். வெர்னியரால் அளந்து அதே அளவையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் 51 மி.மீ., அதாவது 2 அங்குலம் வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம். இரண்டரை அங்குலம் என்பது 63.5 மி.மீ. அதன் குறுக்குப் பரப்பு 2 அங்குலக் குழாயைப்போல் ஒன்றரை மடங்குக்கும் அதிகம். ஏறத்தாழ 200 குதிரைத்திறனைத் தாண்டிய எஞ்சின்களுக்கான அளவு அது. டர்போ இல்லாத சிறிய எஞ்சினில் கன்வர்ட்டருக்குப் பின்னால் எதை மாற்றினாலும் பெரும்பாலும் ஓரிரு குதிரைத்திறன்தான் கூடும், அதுவும் உச்ச ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை). நீங்கள் தினமும் ஓட்டும் 2,000 – 3,000 ஆர்.பி.எம்.மில் அது தெரியவே தெரியாது. சத்தம் கூடுவதால் வண்டி வேகமாகப் போவதுபோல் காது ஏமாறும், அவ்வளவுதான். பெரிய குழாயால் வரும் நிஜமான கெடுதல் வேறு. சைலன்சர் பெட்டியின் பரப்பு குழாயின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு என்பதைப் பொறுத்துத்தான் ஒலி அடங்குகிறது. பெட்டியை அப்படியே வைத்துக் குழாயை மட்டும் பெரிதாக்கினால் சைலன்சரின் வேலை பாதியில் நிற்கும்.

கன்வர்ட்டரை எடுப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம்; புகைச் சோதனையில் வண்டி தேறாது. சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் எடுக்கக் கூடாது. உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு போன்ற கட்டி இருக்கிறது. 250 – 300 டிகிரி செல்சியஸ் சூடேறியதும் அது கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் மாற்றத் தொடங்கும். அதன் முன்னும் பின்னும் உள்ள ஆக்சிஜன் சென்சார்களை எஞ்சின் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். கன்வர்ட்டர் இல்லையென்றால் பி0420 என்ற கோளாறுக் குறியீடு பதிவாகி எஞ்சின் விளக்கு எரியும். விளக்கு நிரந்தரமாக எரிந்துகொண்டிருந்தால், நாளை வேறு கோளாறு வந்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

பிக்கப் உண்மையிலேயே குறைந்திருக்கிறது, கன்வர்ட்டர் அடைத்திருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் அளந்து பார்க்க வழி உண்டு. முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். 2,500 ஆர்.பி.எம்.மில் 3 பி.எஸ்.ஐ.க்குக் கீழே காட்டினால் அடைப்பு இல்லை. அதைத் தாண்டினால் ஏன் அடைத்தது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது), ஆயில் எரிவது, கூலன்ட் கசிவு ஆகிய மூன்றும்தான் வழக்கமான காரணங்கள். அதைச் சரிசெய்யாமல் புது கன்வர்ட்டர் போட்டால் அதுவும் அதே வழியில் போய்விடும்.

இனி ரெசனேட்டர். தினசரி காரில் மக்கள் அதிகம் தவறு செய்யும் இடம் இதுதான்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை புகையை வெளியே தள்ளுகிறது. ஐந்தாவது கியரில் 2,700 ஆர்.பி.எம்.மில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 45 சுற்று, 90 துடிப்பு. அதாவது 90 ஹெர்ட்ஸ். சிறிய காரின் உள்ளறை ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் என்றால், அந்தக் காற்று தானாகவே முழங்கும் அதிர்வெண் 85 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், வெளியே கேட்பவருக்கு இதமாகத் தெரியும் அதே ஒலி உள்ளே ‘ம்ம்ம்’ என்று காதை அடைக்கும். பத்து நிமிடத்தில் தலை கனக்கும். பின் இருக்கையில் இருப்பவர்களுக்கு இன்னும் மோசம். நின்றபடி ஆக்சிலரேட்டரை மிதித்துக் காட்டும் டெமோவில் இது பிடிபடாது. அதே மாடல் காரில் அந்த சைலன்சர் மாட்டியவர் யாராவது இருந்தால், நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில், கண்ணாடி ஏற்றி, பின் இருக்கையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இந்த முழக்கத்தை அடக்குவதில் ரெசனேட்டருக்குப் பெரிய பங்கு உண்டு. ஏற்கெனவே வெட்டி எடுத்துவிட்டவர்களுக்கு ஒரு மாற்றுவழி: ஒரு முனை மூடிய கிளைக்குழாயைப் பிரதான குழாயின் பக்கவாட்டில் வெல்டு செய்வது. அதன் நீளம் அந்த ஒலி அலையின் நான்கில் ஒரு பங்கு இருக்க வேண்டும். கிளைக்குள் தேங்கும் புகையின் சூட்டைப் பொறுத்து, 90 ஹெர்ட்ஸுக்கு 1.15 முதல் 1.3 மீட்டர் வரை வரும். கடைசி மூடியை முழுக்க வெல்டு செய்யாமல் ஓட்டிப் பார்த்து, நீளத்தைத் திருத்திய பிறகே அடைக்க வேண்டும். ஆனால் இது குறுகிய ஆர்.பி.எம். வரம்பில் மட்டும் வேலை செய்யும். சிறிய காரின் அடியில் அவ்வளவு நீளக் குழாய்க்கு இடம் தேடுவதும் பெரும்பாடு. இருக்கும் ரெசனேட்டரை இருக்கவிடுவதே மேல்.

சைலன்சரில் இரண்டு வகை பார்ப்பீர்கள். ஒன்று, உள்ளே தடுப்புகள் வைத்து அறை அறையாகப் பிரித்தது. மற்றொன்று, துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு அடைத்தது. கடைகளில் ஃப்ரீ ஃப்ளோ என்று விற்பது பெரும்பாலும் இதைத்தான். பஞ்சு கூர்மையான ஒலியை நன்றாக உறிஞ்சும்; 90 ஹெர்ட்ஸ் மாதிரி கனத்த ஒலியை அவ்வளவாகத் தொடாது. நாளாக ஆகப் பஞ்சு எரிந்தும் உதிர்ந்தும் துளைகள் வழியே வெளியே போய்விடும். முதல் வருடம் அமைதியாக இருந்த சைலன்சர் பிறகு கத்த ஆரம்பிப்பது இதனால்தான். உங்களுக்கு அறைத் தடுப்பு வகையே பொருந்தும். பழைய சைலன்சரின் நீள அகலத்தை அளந்துகொண்டு போங்கள். புதியது அதைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. கனமான ஒலி வேண்டுமென்றால், ரெசனேட்டரை விட்டுவைத்து, அதே அளவுப் பெட்டியில் உள்குழாய் சற்றே அகலமானதைத் தேர்ந்தெடுங்கள். சைலன்சரின் மேல் வட்டத்துக்குள் ஆங்கில ‘E’ எழுத்தும் நாட்டு எண்ணும் பொறித்திருந்தால், அது ஐ.நா. வாகன விதிமுறைப்படி ஒப்புதல் பெற்றது என்று பொருள். அந்த ஒப்புதல் எந்தெந்த மாடலுக்கு என்பதையும் பெட்டியில் பாருங்கள்.

உலோகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. குழாய் சூடாகும் முன்பே வண்டியை நிறுத்தினால் அந்த ஆவி பின் சைலன்சரில்தான் நீராகத் தேங்கும். அதனால்தான் துரு உள்ளிருந்து தொடங்கி, வெளியே தெரியும்போது தகடு ஏற்கெனவே காகிதமாகியிருக்கும். சாதா இரும்பு வேண்டவே வேண்டாம். அலுமினியம் பூசிய இரும்பு நடுத்தரம். ஆனால் வெல்டு செய்த இடத்தில் பூச்சு எரிந்துவிடுவதால் அங்கே அதிக வெப்பம் தாங்கும் பெயின்ட் அடித்தாக வேண்டும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 409 ரகத்தில் சுமார் 11 சதவீதம் குரோமியம். மேலே பழுப்பேறும், ஆனால் ஓட்டை விழ வெகுகாலமாகும். கம்பெனிகள் பரவலாகப் போடுவது இதுதான். உங்களுக்கும் இதுவே போதும். எஸ்.எஸ். 304 ரகத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். கடற்கரை ஊர்க்காரர்களும் பனியில் உப்புத் தூவும் சாலைகளில் ஓட்டுபவர்களும் இதற்குக் கூடுதலாகச் செலவழிக்கலாம்.

கடையில் காந்தத்தை ஒட்டிக் காட்டி “ஒட்டவில்லை, 304தான்” என்பார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 201 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அது சீக்கிரம் துருப்பிடிக்கும். ரகத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். இன்னொன்று, வெளித்தகடும் வால்முனையும் மட்டும் 304ஆக இருந்து, உள்குழாய் சாதா இரும்பாக இருக்கும் சரக்கும் உண்டு. நூலில் கட்டிய சிறு காந்தத்தை வால்முனை வழியே உள்ளே விட்டுப் பாருங்கள். அங்கே ஒட்டிக்கொண்டால் உள்குழாய் 304 இல்லை என்பது வெளிப்பட்டுவிடும்.

மாட்டும்போது பழைய போல்ட்டுகளில் முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்ட் வைத்தே ஆக வேண்டும். கேஸ்கட்டுகளும் குழாயைத் தொங்கவிடும் ஹேங்கர் ரப்பர்களும் புதிதாக இருக்கட்டும். ரப்பருக்குப் பதில் கெட்டியான பாலியூரித்தேன் வேண்டாம்; அதிர்வை அப்படியே பாடிக்குக் கடத்தும். குழாயை நசுக்கிப் பிடிக்கும் யூ-போல்ட் கிளாம்பைவிட அகலப் பட்டை கிளாம்ப் நல்லது. பிறகு கழற்றவும் எளிது. எல்லாவற்றையும் முதலில் தளர்வாக மாட்டி, தொங்கும் நிலையைச் சரிபார்த்து, முன்னாலிருந்து பின்னால் இறுக்கிக்கொண்டு வாருங்கள். 304 குழாய் 2 மீட்டர் நீளம் இருந்து 300 டிகிரி சூடேறினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளும். அதனால் பாடி, பிரேக் பைப், பெட்ரோல் டேங்க் எதிலிருந்தும் குறைந்தது 20 – 25 மி.மீ. இடைவெளி விடுங்கள், வெப்பத் தடுப்புத் தகடுகளைக் கழற்றிப் போட்டுவிட வேண்டாம். எஞ்சின் பக்கமுள்ள ஃப்ளெக்ஸ் பைப் (வளைந்துகொடுக்கும் குழாய்த் துண்டு) முறுகியோ இழுபட்டோ நின்றால் சில மாதங்களில் கிழியும். வால்முனை பம்பரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது கட்டாயம். உள்ளடங்கினால் கார்பன் மோனாக்சைடு டிக்கி வழியாக உள்ளறைக்கு வரும்.

எஸ்.எஸ். குழாயில் பட்ட கைரேகையை ஸ்டார்ட் செய்யும் முன் துடைத்துவிடுங்கள். சூட்டில் கறையாகப் படிந்தால் போகாது. பிறகு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து, கனத்த துணியால் வால்முனையை ஓரிரு நொடி அழுத்திப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை கிளம்பும் இடம் கசிகிறது. சுமார் 100 கிலோமீட்டர் ஓடியபின், ஆறிய நிலையில் எல்லாக் கிளாம்பையும் மறுபடி இறுக்குங்கள். வேலை முடிந்த சில நாளில் எஞ்சின் விளக்கு எரிந்தால் உடனே சென்சார் வாங்கப் போகாதீர்கள். சென்சாருக்கு அருகில் மெல்லிய கசிவு இருந்தாலே வெளிக்காற்று உள்ளே இழுபடும். பெட்ரோல் போதவில்லை என்று தவறாக எண்ணிக் கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றும். முன்பக்க இணைப்புகளையும் கேஸ்கட்டையும் பார்த்து முடித்த பிறகே சென்சாரைச் சந்தேகியுங்கள்.