சாரல் காலத்துக் குஞ்சுகள்: பல்பைப் பார்த்தது போதும், தரையைப் பாருங்கள்

கேள்வி: புளியரைக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் 40 சென்ட் தோப்பும் வீடும் இருக்கிறது. ஜூன் கடைசியில் வண்டியில் கூடை கட்டி வந்தவரிடம் 30 ஒருநாள் குஞ்சுகள் வாங்கினேன். மாட்டுத்தொழுவத்து ஓரத்தில் தார்ப்பாய் கட்டி, பல்பு போட்டு வளர்த்தேன். இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தன. மூன்றாவது வாரம் றெக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் ஒடுங்கின, எச்சத்தில் ரத்தம் தெரிந்தது. 12 செத்துவிட்டன. பக்கத்து வீட்டு அத்தை வெள்ளைக்கழிச்சல் என்கிறார். மிச்சத்தைக் காப்பாற்ற முடியுமா? அதே இடத்தில் மறுபடி குஞ்சு விடலாமா? மலைக்கு அந்தப் பக்கம் கிராமஸ்ரீ குஞ்சு கிடைக்கிறதாம், வாங்கலாமா? நாலு பேர் உள்ள வீட்டுக்கு எத்தனை கோழி போதும்?

பதில்: முதலில் மருந்து. மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் ரத்தக்கழிச்சல். வெள்ளைக்கழிச்சல் வந்தால் எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போகும், கோழி வாயைத் திறந்து இழுக்கும், கழுத்து திருகிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். அது வயது பார்க்காது. பெரிய கோழிகளும் சேர்ந்தே சாகும். உங்கள் வீட்டில் மூன்று வார வயதில், குஞ்சுகள் மட்டும், ரத்தத்தோடு கழிந்து செத்திருக்கின்றன. காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி செய்யும் வேலை இது. மூன்றிலிருந்து ஆறு வாரம் வரையுள்ள குஞ்சுகளைத்தான் அதிகம் பிடிக்கும்.

ஆனாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். இனி ஒரு குஞ்சு செத்தால் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வைத்து, அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் வைத்து உறைய விட்டுவிடாதீர்கள். குடலை அறுத்துப் பார்த்தாலே மருத்துவருக்குப் பாதி தெரிந்துவிடும். அங்கே முடியாவிட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மருந்தின் பெயர் ஆம்ப்ரோலியம். தண்ணீரில் கலக்கும் தூளாகவே கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கும். கம்பெனிக்குக் கம்பெனி வீரியம் மாறும் என்பதால் அளவை மருத்துவரிடம் கேட்டோ டப்பாவில் பார்த்தோ கலக்குங்கள். வழக்கமாக ஐந்து நாள் முழு அளவு, பிறகு ஒரு வாரம் பாதி அளவு. இந்த நாட்களில் வேறு தண்ணீரே கண்ணில் படக்கூடாது. தொழுவத்தில் வாளியோ ஓட்டுத் தண்ணீர் தேங்கிய குழியோ இருந்தால் குஞ்சு அங்கேதான் முதலில் போகும். சாரல் குளிரில் குஞ்சுகள் குறைவாகத்தான் குடிக்கும், அதனால் சோர்ந்து கிடப்பவற்றுக்கு டிராப்பரால் அலகு ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

இன்னொன்று. ‘கோழி சோர்ந்திருக்கிறது, சத்து டானிக் கொடுப்போம்’ என்று பி காம்ப்ளக்ஸைக் கூடவே கலந்துவிடுகிறார்கள். ஆம்ப்ரோலியம் அந்த ஒட்டுண்ணிக்கு வைட்டமின் பி1 கிடைக்காமல் தடுத்துத்தான் அதை ஒடுக்குகிறது. நீங்களே பி1-ஐ ஊற்றிக் கொடுத்தால் மருந்து என்ன செய்யும்? டானிக்கை மருந்து முடிந்த பிறகு கொடுங்கள்.

பிழைத்த குஞ்சுகள் கொஞ்ச நாள் வளர்த்தி குன்றி நிற்கும், பிறகு தேறிவிடும். வந்துபோன வகைக் காக்சிடியாவுக்கு அவற்றின் உடம்பில் எதிர்ப்பும் வந்திருக்கும்.

சரி, ஏன் வந்தது? குஞ்சு வளர்ப்பு என்றதும் எல்லோரும் பல்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்க வேண்டும், அது சரிதான். குஞ்சுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வாட் என்று கணக்கிட்டு குண்டு பல்பு போடுங்கள். எல்இடி பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. தெர்மாமீட்டர் இல்லையென்றால் ராத்திரி ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கீச்சுக் கீச்சென்று கத்தினால் குளிர். சுவரோரம் விலகிப்போய் வாயைப் பிளந்தால் சூடு. எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கிக் கிடந்தால் எதிர்ப்பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது. பரவலாகக் கால் நீட்டிப் படுத்திருந்தால் நீங்களும் போய்ப் படுக்கலாம்.

உங்கள் குஞ்சுகள் இரண்டு வாரம் நன்றாக இருந்தன என்றால் பல்பு சரியாகத்தான் இருந்திருக்கிறது. கோளாறு தரையில். நோயுள்ள கோழியின் எச்சத்தில் வெளிவரும் காக்சிடியா முட்டை அந்த நிமிடமே தொற்றாது. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் முற்றும். முற்றியதைக் குஞ்சு கொத்தினால்தான் நோய். தரை காய்ந்திருந்தால் பெரும்பாலும் முற்றாமலே வீணாகிவிடும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் உங்கள் வீட்டுக்குள் வந்து போகிற காலம். மேலே பல்புச் சூடு, கீழே ஈரம், பக்கத்தில் மாட்டு மூத்திரம். போதாக்குறைக்கு நாலு பக்கமும் தார்ப்பாய் போட்டு மூடி, ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்திருக்கிறீர்கள். காக்சிடியாவுக்கு இதைவிட வசதியான இடம் அமையாது.

அதனால் இன்றைக்கே குஞ்சுகளைத் தொழுவத்திலிருந்து மாற்றுங்கள். வீட்டுத் திண்ணையின் மூலை போதும். காற்று வரும் மேற்குப் பக்கத்தைக் குஞ்சு உயரத்துக்கு மேல் இரண்டடி வரை அடைத்துவிட்டு, அதற்கு மேலே திறந்து விடுங்கள். உள்ளே குனிந்தால் மூக்கு எரியக்கூடாது. எரிந்தால் குஞ்சுக்கும் எரிகிறது என்று பொருள். தரையில் நெல் உமியோ கடலைத் தொலியோ மூன்று அங்குலம் பரப்புங்கள். மரத்தூளைச் சின்னக் குஞ்சு தீனி என்று கொத்தித் தின்னும், அதனால் முதல் வாரம் வேண்டாம். நியூஸ் பேப்பர் விரிக்கிறவர்கள் உண்டு. வழுவழுப்பில் கால் அகன்று முடமாகிவிடும், அதைவிடச் சாக்கு விரிப்பு நல்லது.

உமி சரியாக இருக்கிறதா என்று கையால் பார்க்கலாம். தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்திலிருந்து ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையை விரியுங்கள். கொழுக்கட்டை மாதிரி நின்றால் ஈரம் கூடிவிட்டது, அந்த இடத்து உமியைச் சுரண்டி வெளியே போட்டுப் புதிது போடுங்கள். மெல்ல உதிர்ந்தால் சரி. மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடந்தாலும் குவளையைச் சுற்றி ஒரு ஈர வளையம் விழும். நோய் கிளம்புவது அந்த வளையத்தில்தான். குவளையை இரண்டு செங்கல் மேல் வைத்து, குஞ்சின் முதுகு உயரத்துக்கு விளிம்பு வருகிற மாதிரி ஏற்றுங்கள். வளர வளர உயர்த்திக்கொண்டே போங்கள். காலையும் மாலையும் உமியைக் கிளறி விடுங்கள்.

காற்று வீசினால் உங்கள் பக்கம் கரண்ட் போகும். அடைத்த அறைக்குள் கரிச்சட்டி வைப்பது வேண்டாம், புகை தெரியாமலே ஆளையும் சேர்த்துக் கொல்லும். பாட்டிலில் வெந்நீர் ஊற்றிச் சாக்கில் சுற்றி நடுவில் வையுங்கள்.

அதே தொழுவத்து ஓரத்தில் இப்போதைக்குக் குஞ்சு விடாதீர்கள். பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டோம் என்று நம்பி மறுபடி குஞ்சு விட்டு இழந்தவர்கள் ஏராளம். காக்சிடியா முட்டை சாதாரணக் கிருமிநாசினிக்குச் சாகாது. பழைய உமியை வழித்தெடுத்து எருக்குழியின் அடியில் போட்டு மூடுங்கள். இரண்டு அங்குல மண்ணைச் செதுக்கித் தள்ளிவிட்டு வெயில் காய விடுங்கள். அதற்கு வெயில் வேண்டுமே! டிசம்பர் கடைசி வரை உங்களுக்கு அந்த வெயில் நிலையாகக் கிடைக்காது. சாரல் போனால் ஐப்பசி அடைமழை.

ஆகவே குஞ்சு இறக்குவதை ஜனவரிக்குத் தள்ளுங்கள் என்பது என் யோசனை. ஜனவரியில் இறக்கிய குஞ்சு, அடுத்த சாரல் வருவதற்குள் ஐந்து மாதத்து விடைக்கோழியாகி, ரத்தக்கழிச்சல் வயதைத் தாண்டியிருக்கும். அதற்குள் ஆசை விடவில்லையென்றால் அடைக்கு உட்காரும் சிறுவிடை நாட்டுக்கோழி ஒன்றை வாங்கி 12 முட்டை வையுங்கள். 21 நாளில் பொரித்து, பல்பும் கரண்டும் இல்லாமல் அதுவே அணைத்து வளர்க்கும். பகலில் மழை வந்தால் மட்டும் நீங்கள் பஞ்சாரத்தைக் கவிழ்த்தால் போதும்.

தீனியில் இரண்டு விஷயம். எட்டு வாரம் வரை 20 சதவீதம் புரதமுள்ள குஞ்சுத் தீவனம் கொடுங்கள். வெறும் ரேஷன் அரிசிக் குருணையில் வளர்ந்த குஞ்சு விரல் சுருண்டு நடக்கும். கடையில் முட்டைக்கோழித் தீவனம் விலை குறைவாக இருக்கிறது என்று அதைக் குஞ்சுக்குப் போடாதீர்கள், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பழைய பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் போட்டுத் தண்ணீர் தெளித்து, புற்று இருக்கும் இடத்தில் ராத்திரி கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் கிடைக்கும். நல்ல புரதம், காசும் இல்லை. ஆனால் அது தொடுகறி, சோறு வேறு.

பக்கத்து வீட்டு அத்தை சொன்ன வெள்ளைக்கழிச்சல் இந்த முறை வரவில்லை, அவ்வளவுதான். கோடையில் தெருவோடு காலி செய்கிற நோய் அது. ஏழாம் நாள் லசோட்டா என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்துச் சொட்டு கண்ணிலோ மூக்கிலோ, 14ஆம் நாள் கம்போரோ என்ற இன்னொரு நோய்க்கான தடுப்பு மருந்து, 28ஆம் நாள் மறுபடி லசோட்டா, எட்டாம் வாரம் வெள்ளைக்கழிச்சலுக்கான ஊசி என்பது பொதுவான வரிசை. மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு டோஸோ அதற்கு மேலோதான் வரும், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுங்கள், அத்தையையும் கூப்பிடுங்கள். சோர்ந்திருக்கிற குஞ்சுக்கு மட்டும் தேறும்வரை போடக்கூடாது.

கிராமஸ்ரீ நல்ல கோழிதான். மண்ணுத்திக் கல்லூரி புறக்கடைக்கென்றே உருவாக்கிய ரகம், கேரளத்து மழைக்குப் பழகியது. ஆனால் 2014லும் 2021லும் 2024லும் ஆலப்புழைப் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்தது. அப்படி வரும் நாட்களில் எல்லை தாண்டிக் கோழியும் முட்டையும் கொண்டுவரத் தடை இருக்கும், மீற வேண்டாம். சாதாரண நாளில் வாங்கினாலும் இரண்டு வாரம் தனியாக வைத்து, அவற்றுக்கு வேறு செருப்போடு போய்த் தீனி போடுங்கள். இந்தப் பக்கமே வேண்டுமென்றால் கிராமப்ரியாவோ நந்தனம் கோழியோ கேட்டுப் பாருங்கள். வண்டியில் வந்தவரிடம் வாங்கியவை சாயம் பூசிய குஞ்சுகளா? ஆமென்றால் அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகள் கழித்த சேவல்கள். மிச்சமுள்ள 18ஐயும் காப்பாற்றுங்கள், ஆனால் முட்டைக்குக் காத்திருக்காதீர்கள்.

நாலு பேருக்கு எட்டுப் பெட்டை தாராளம். சிறுவிடை மட்டும் என்றால் ஒரு கோழிக்கு ஆண்டில் 60, 70 முட்டைதான் வரும், நடுவே அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆறு கலப்பினமும் இரண்டு சிறுவிடையும் என்று வைத்தால் முட்டையும் ஆச்சு, குஞ்சு பொரிக்கவும் ஆச்சு. முட்டைக்கு மட்டும் என்றால் சேவல் தேவையில்லை. கூண்டு நாலுக்கு நாலடி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கால் நட்டு, எச்சம் கீழே விழுகிற மாதிரி ரீப்பர் இடைவெளி விட்டு அடியுங்கள். பக்கத்துக்குக் கோழி வலை அடிக்காதீர்கள். அது கோழியைத்தான் தடுக்கும், மரநாய் கையை விட்டுக் கழுத்தை இழுத்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் கம்பி வலை போடுங்கள். கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது, சின்னப் பூட்டு ஒன்றும் வாங்கிவிடுங்கள்.