பசிக்குத் திருடினால் பாவமில்லை என்று கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் சொன்னாரா?

சொன்னார், ஆனால் அப்படியே அல்ல. 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘சும்மா தியோலோஜியே’ (இறையியல் தொகுப்பு) என்ற லத்தீன் நூலின் இரண்டாம் பாகத்தில் இதைத் தனிக் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறார். உயிர் போகும் அளவுக்குத் தேவை, வேறு வழியே இல்லை என்றால், அடுத்தவர் பொருளை எடுப்பது திருட்டே ஆகாது என்பது அவர் பதில். ‘திருட்டுதான், மன்னிக்கலாம்’ என்று அவர் சொல்லவில்லை. பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

காரணம் இது. சொத்தை இவருக்கு இவ்வளவு என்று பிரித்தது மனிதச் சட்டம். பூமியின் விளைச்சல் மனிதர் தேவைக்கானது என்பது இயற்கைச் சட்டம், அதாவது மனிதர் எழுதாமலே, பகுத்தறிவால் அறியக்கூடிய அறநெறி. கீழ்ப்படியில் உள்ள மனிதச் சட்டம் மேற்படியில் உள்ள இயற்கைச் சட்டத்தை ரத்து செய்ய முடியாது. அதனால் அந்த நெருக்கடியில் ரொட்டி பசித்தவனுடையதாகிவிடுகிறது. ‘திருடாதே’ என்ற கட்டளை மீறப்படவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பட்டினியில் சாகக் கிடந்தால் அவருக்காகவும் எடுக்கலாம் என்கிறார்!

அதற்காக அவரைப் பொதுவுடைமைவாதி ஆக்கிவிட வேண்டாம். தன் பொருள் என்றால்தான் மனிதன் அக்கறையாகப் பார்ப்பான், எல்லோருக்கும் பொது என்றால் வேலையை அடுத்தவன் தலையில் கட்டிவிடுவான் என்று அதே பகுதியில் தனிச்சொத்தை ஆதரிக்கிறார். கொஞ்சம் குறும்பான, ஆனால் சரியான கவனிப்பு.

அப்புறம், மிதமிஞ்சி வைத்திருப்பவர் அதை ஏழைக்குத் தருவதை அவர் தாராள மனசாகப் பார்க்கவில்லை. இயற்கைச் சட்டப்படி அது ஏழைக்குச் சேர வேண்டியது என்றே எழுதுகிறார்.